அங்கணம் வாசலில் இருந்தது

தம்பி,

ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன், அது கடமை. நலம், நலமறிய ஆவல் என்கிற வரியை மட்டும் இந்த முறை விட்டுவிடுகிறேன். நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் நலமா என்று போனில் நீ கேட்கவும் இல்லை. இந்தக் கடிதத்தை உறைக்குள் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் நம் பேட்டைப் பையன்கள் நடத்துகிற மாதப் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பெற்ற தாய் இப்படி ஊரைக் கூட்டுவாளா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். என் அடுக்களையை ஊர் பார்க்க அச்சடித்தவன் நீ. பளபளப்பான தாளில், வண்ணத்தில், உன் அறிக்கையின் நடுப்பக்கத்தில் அது இருக்கிறது. படம் எடுக்கும்போது "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றாய். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். அதனால் படத்தில் நான் இல்லை, கறுத்த சுவர் மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே "ஆக்கிரமிப்பு வீடுகளின் கழிவுநீரால் ஏற்பட்ட ஈரக்கறை" என்று எழுதியிருக்கிறாய். அதை ஊர் படித்தது. இதையும் படிக்கட்டும்.

பிள்ளைக்குப் புத்தி சொல்லி எழுதுகிறவர்கள் முதலில் தங்கள் குற்றங்குறைகளைச் சொல்லிக் கொஞ்சம் அழுவார்கள். நானும் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. உன் விஷயத்தில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தேன், ஓதக் கற்றுக்கொடுத்தேன், பொய் சொன்ன அன்று முதுகில் இரண்டு வைத்தேன். இன்னும் இரண்டு சேர்த்து வைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. அதை என் தப்பு என்று நீ வைத்துக்கொண்டால் வைத்துக்கொள்.

பேட்டையை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் நம் ஊர். ஊரின் பழைய பகுதிதான் பேட்டை. அதன் நடுவில் கல்லுப்பள்ளி. பாண்டியர் காலத்துப் பள்ளிவாசல் என்று நீ வந்து சொல்லும்வரை எங்களுக்கு அது வெறும் பழைய பள்ளிதான். கல்தூண், கல்கூரை, கல்சுவர். உள்ளே ஆண்கள் மேற்கே பார்த்துத் தொழுவார்கள். அவர்கள் முகம் பார்த்து நிற்கிற அந்த மேற்குச் சுவரின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு வரிசை ஓட்டு வீடுகள். அதில் ஒன்று நம்முடையது. அடுத்தது மைமூன் அக்காவுடையது. அக்காவின் கணவர் பள்ளியின் மோதினார், ஐந்து வேளையும் பாங்கு சொல்கிறவர், உனக்கு மாமா முறை. பள்ளியின் சுவர்தான் எங்கள் அடுக்களைக்குப் பின்சுவர். உள்ளே ஓதுவது எனக்குக் கேட்கும். நான் தாளிப்பது உள்ளே மணக்கும். நம் ஊரில் பெண்கள் பள்ளிக்குள் போகிற வழக்கம் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரின் இந்தப் பக்கம்தான் எனக்குத் தெரியும். நான் வீட்டில் மேற்கே பார்த்துத் தொழுதால் என் முதுகு பள்ளிக்கு. நீங்கள் உள்ளே தொழுதால் உங்கள் நெற்றி என் முதுகுக்கு. உன் அத்தா இதைச் சொல்லிச் சிரிப்பார். "வாயக் கழுவுங்க" என்று நான் அதட்டுவேன்.

அந்த வரிசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. பள்ளிச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சுவர்ப் பக்கம் கால் நீட்டக் கூடாது. சுவரோரம் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தக் கூடாது, அது எச்சில் தண்ணீரானாலும் சரி, குடிக்கிற தண்ணீரானாலும் சரி. பாத்திரம் தேய்க்கிற அங்கணம் ஊர் உலகத்தில் எல்லா வீட்டுக்கும் பின்னால் இருக்கும். எங்கள் வரிசையில் மட்டும் தெருவைப் பார்த்து வாசலில் இருந்தது. புதுப்பெண்ணாக வந்தபோது, போகிற வருகிற ஆண்களுக்கு முன்னால் குத்தவைத்துச் சட்டி தேய்க்க எனக்கு உயிர் போனது. நாகலாபுரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த என் அண்ணன் "இந்த வீட்டுலயா ஒன்னக் குடுத்தோம்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க வீடு முழுவதும் கடந்து வாசலுக்குத் தூக்கி வர வேண்டும். என் வலது காலில் இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான். சின்ன வயதில் அதைத் தடவித் தடவித்தான் நீ தூங்குவாய். ஏன் இந்தப் பாடு என்று கேட்டால் பள்ளிக்கு மரியாதை என்பார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒரு காரணம் இருக்கும் என்று வரிசையில் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நீ புல்தரை போடப் போகிறேன் என்றபோதே உன் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பேன்.

மூன்றாவது படிக்கும்போது நீ அந்தச் சுவரில் ஆணி அடித்தாய், பள்ளிக்கூடப் பையை மாட்டுவதற்கு. நினைவிருக்கிறதா? உன் அத்தா கையை ஓங்கிவிட்டு, அடிக்காமல், ஆணியைப் பிடுங்கி உன் உள்ளங்கையில் வைத்து, "மோதினார் மாமாகிட்டப் போயி நீயே சொல்லிட்டு வா" என்று அனுப்பினார். நீ போய் என்ன சொன்னாய் தெரியுமா? "மாமா, ஆணி தானா உள்ள போயிருச்சு." மாமா விழுந்து விழுந்து சிரித்து, உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போய்க் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நீ வாயெல்லாம் பாகோடு திரும்பி வந்தாய். தெருவே அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லவர்களிடம் பொய் சொன்னால் அவர்கள் மிட்டாய் கொடுப்பார்கள் என்பதை அன்றைக்கே நீ கற்றுக்கொண்டுவிட்டாய். அதற்குப் பிறகு நீ படித்த படிப்பெல்லாம் அதற்கு மேல் பூசிய பூச்சுதான்.

பெரிய படிப்புத்தான். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற படிப்பு. உன் அத்தா அதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். சென்னையிலிருந்து நீ ஆட்களோடு வந்து இறங்கி, கல்லுப்பள்ளியின் தூண்களில் எத்தனையோ தலைமுறை அடித்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தபோது, உள்ளேயிருந்து பூ வேலை வெளியே வந்தது என்று ஆண்கள் வந்து சொன்னார்கள். கல்லில் தாமரை, கல்லில் கொடி, வளையம் வளையமாகச் சங்கிலி. பேட்டையே உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. பெருமைப்படவில்லை என்று சொன்னால் அது பொய். மைமூன் அக்காவிடம் "எம்மவன் தொட்டா கல்லும் பூக்குது" என்று நானே பீற்றிக்கொண்டேன். உள்ளே போய்ப் பார்க்க முடியாதவள், கேட்டுக் கேட்டே பூரித்துப் போனேன். அப்போதுதான் நீ மேற்குச் சுவரை வெளியிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாய். அதில் கல்வெட்டு இருக்கிறது, வரிசை வீடுகள் அதை மறைக்கின்றன, வீடுகளை எடுத்தால் பள்ளி பழைய அழகோடு நிற்கும் என்றாய்.

வரிசையில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோது முதலில் வாயைத் திறந்தவர் மோதினார் மாமா. "நம்ம பய கேக்கான், அதும் பள்ளிக்காகக் கேக்கான். வீட்டுக்கு எங்க போனாலும் ஒரு கூரை கெடைக்கும். பள்ளிக்கு இவன விட்டா யாரு இருக்கா?" என்றார். அவர் சொன்ன பிறகு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அவர் தலையாட்டியிருக்காவிட்டால் அந்த வரிசையில் ஒரு ஓட்டைக்கூட நீ பெயர்த்திருக்க முடியாது. அதையும் நீ அறிவாய்.

அதற்குள் உன் அறிக்கை வந்துவிட்டது. எனக்கும் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாய், அம்மா வாசித்துப் பார்க்கட்டும் என்று. வாசித்தேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை போனவள், படத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்கிற ஆள் இல்லை. "தம்பி, இது ஈரம் இல்ல, அடுப்புப் புகை. அங்கணம் வாசல்லதான இருக்கு? நீ பொறந்து வளந்த வீடுலே இது" என்றேன். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே பதில் சொன்னாய். "தெரியும்மா. பழைய வீடுன்னு மட்டும் எழுதினா எடுக்க உத்தரவு வராது. செவத்துக்குச் சேதம்னு எழுதினாத்தான் வரும். ஒரு வரிதானம்மா." விடாமல் பள்ளி நிர்வாகம் பார்க்கிற ஜமாஅத் ஆட்களிடமும் போய்ச் சொன்னேன். படித்த பிள்ளை ஆராய்ந்து எழுதியதை அடுக்களையில் இருக்கிறவள் திருத்துகிறாளாம் என்று சிரித்தார்கள். ஒரு வரிதான், தம்பி. அந்த ஒரு வரியில் நாங்கள் ஐந்து குடும்பமும் பள்ளிக்குச் சாக்கடை விட்ட குடும்பங்கள் ஆகிப் போனோம். கொதிக்கிற கஞ்சியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்த பெண்கள் எல்லாம்.

இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டால் கேள். கட்டடத்தைக் காப்பாற்றப் போகிறவன் அதை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள்மேல் பொய்ப்பழி போடக் கூடாது. கல்லுக்குக் காது இல்லை, மனிதர்களுக்கு இருக்கிறது. உன் படிப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். சொல்லித்தான் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை.

வீடுகளை இடித்த அன்று நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். நம் வீடு அரைமணிப் பொழுதில் குப்பையானது. எல்லாரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். மூன்று குடும்பம் திருப்பூருக்கே போய்விட்டது. நீ சென்னைக்குக் கூப்பிட்டாய், நான் வரவில்லை. மூட்டைக்கடை அண்ணாச்சியின் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் பின்னால் ஒற்றை அறை ஒன்றில் இருக்கிறேன். மைமூன் அக்காவும் மாமாவும் அதற்கு அடுத்த அறை. எங்கள் அடுக்களைகள் இருந்த இடத்தில் நீ வண்டலும் எருவும் போட்டுப் புல் வளர்த்தாய். வருகிறவர்கள் அதன்மேல் நின்று கல்வெட்டைப் பார்க்க வேண்டுமாம். குழாய் இழுத்து, காலையும் மாலையும் புல்லுக்குத் தண்ணீர் பீய்ச்சினார்கள். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த பெண்கள், கரிசல் காட்டுக்கு நடுவில் புல் குளிப்பதை வேடிக்கை பார்த்தார்கள். "ஒம்மவன் மாட்டுக்கு வளக்கானா, மனுசனுக்கு வளக்கானா?" என்று என்னிடம் கேட்டாள் ஒருத்தி.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. எங்கள் பக்கத்து மண் உனக்குத் தெரியாததா? கோடையில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பிக்கொண்டு மேலே எழும்பும். மேற்குச் சுவரில் முதலில் மயிர்க்கோடு போல ஒரு விரிசல் விழுந்தது. மாமா உனக்குப் போன் போட்டுச் சொன்னார். "அடுத்த வாரம் வாரேன் மாமா, சிமெண்ட் வச்சு அடைக்கச் சொல்லுங்க" என்றாயாம். அவரும் ஆள் பிடித்து அடைத்தார். அடுத்த வாரம் நீ வரவில்லை. ஒரு நாள் லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, சுவரோரம் தண்ணீர் கசிகிறது என்று மாமா மட்டும் உள்ளே நின்று பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுவர் உள்பக்கமாக விழுந்தது.

சத்தம் கேட்டு நானும் மைமூன் அக்காவும் ஓடினோம். முன்பக்கம் ஆண்கள் கூட்டம். நாங்கள் சுற்றிக்கொண்டு மேற்கே போய், புல்தரையில் கணுக்கால் வரை புதைந்து நின்றோம். நான் சோறு பொங்கிய இடம் அது. சுவர் இல்லை. உள்ளே நேராகத் தெரிந்தது. வரிசையாகத் தூண்கள், தூணில் பூக்கள், கூரையில் தாமரை, நடுவில் ஒரு தூங்கா விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் சுவருக்குப் பின்னால் இருந்தவள் அன்றைக்குத்தான் பள்ளிக்குள் பார்த்தேன். அழகாக இருந்தது, தம்பி. நீ சொன்னதைவிட அழகாக இருந்தது. அந்த அழகுக்கு முன்னால் கற்களைப் புரட்டிப் புரட்டி மாமாவை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மைமூன் அக்கா அழவில்லை. "அவியளுக்குக் கால்ல புண்ணு இருக்கு, மெல்லத் தூக்கச் சொல்லேன்" என்றாள் என்னிடம். அவருக்குக் கால் இருந்ததா என்பதே எனக்குத் தெரியவில்லை. நீ அடக்கத்துக்கு வந்தாய். மாமாவின் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தாய். அழுதாய். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிறகு விசாரணை என்று அறிவிப்பு வந்தது. மூன்று பேர் வரப் போகிறார்கள், சுவர் ஏன் விழுந்தது என்று பார்க்க. அதற்கு முந்தின வாரம் அண்ணாச்சி கடைக்கு உன் போன். "தாயி, மெட்ராஸ்லேர்ந்து மவன் பேசுதான்" என்று அண்ணாச்சி கூப்பிட்டார். பருத்திக்கொட்டை மூட்டைக்கும் வத்தல் மூட்டைக்கும் நடுவில் நின்று ரிசீவரை வாங்கினேன். நீ எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தாய்.

"அம்மா, ஒன்னயக் கேப்பாங்க. செவத்துல முன்னாடியே ஈரம் இருந்துச்சு, வீட்டுத் தண்ணியெல்லாம் பின்னாடிதான் போச்சுன்னு சொல்லணும். பல வருசத்துத் தண்ணி உள்ள ஊறித்தான் செவரு எளகிருச்சுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"பின்னாடி எங்க தம்பி போச்சு?"

"ஏம்மா, புரிஞ்சுக்கோயேன். இல்லன்னா எம்மேல கேஸ் வரும். என் வேல போயிரும். ஜெயிலுக்குக்கூடப் போகணும்."

"மைமூன் அக்கா இருக்காளே, அவளக் கேட்டா?"

"மாமி இத்தாவுல இருக்காங்க. வெளிய வரமாட்டாங்க. மத்தவங்க திருப்பூர்ல. நீ சொல்றதுதாம்மா."

இத்தா என்பது கணவனை இழந்தவள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருக்கிற காலம். ஓதும்போது அதன் அர்த்தத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அது உனக்கு இப்படி உபயோகப்படும் என்று நினைக்கவில்லை. அண்ணாச்சி தராசைத் துடைக்கிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் கேட்டிருக்கும்.

உடனே மறுத்துவிட்டேன் என்று நினைக்காதே. நீ என் ஒரே பிள்ளை. ஜெயில் என்று வேறு சொல்லிவிட்டாய். சொல்லிவிடலாம், செத்தவர் திரும்பியா வரப் போகிறார், இருக்கிற பிள்ளையாவது மிஞ்சட்டும் என்றுதான் கடையிலிருந்து அறைக்கு நடந்தேன். ஒரு வரிதானே என்று நானும் நினைத்தேன். அப்படியே மைமூன் அக்காவின் அறைக்குள் போனேன். வெள்ளைச் சேலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, வீட்டுத் தண்ணி எறங்கித்தான் செவரு விழுந்துச்சுன்னு ஊருக்குள்ள பேசுதாவளாமே. நெசமா?"

பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு நா எனக்குக் காச்சலு. அவிய ஊருல இல்ல. எந்திரிச்சு வாசலுக்கு வர முடியல. கஞ்சித் தண்ணிய அடுக்களையிலயே செவத்தோரம் ஊத்திட்டேன். ஒரே ஒரு நாதான் ஊத்துனேன். யாருகிட்டயும் சொல்லல. அவியகிட்டயும் சொல்லல." அவள் என் கையை விடவே இல்லை. "அதுதான் அவியளக் கொன்னுருச்சா? நீ படிச்சவ, சொல்லு. அந்தக் கஞ்சிதானா?"

இல்லை அக்கா என்று சொன்னேன். நம்பவில்லை. ஒரு சட்டிக் கஞ்சி, எந்த வருஷமோ ஊற்றியது, அதைத் தோளில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்த மனுஷி. பாங்கு கேட்கும்போதெல்லாம் அவள் உடம்பு தூக்கிப் போடுகிறது, புது மோதினாரின் குரலுக்கு. உன் பொய் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார், தம்பி. நீ அதை அரசாங்கத்துக்கு எழுதினாய். அது ஒரு விதவையின் நெஞ்சில் போய் ஏறிக்கொண்டது. நான் உன்னைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவள் முகத்தைப் பார்த்து, ஆமாம் அக்கா, உன் அடுக்களைத் தண்ணீர்தான் உன் புருஷனைக் கொன்றது என்று சொல்ல வேண்டும். நீ கேட்டது அதைத்தான். கேட்கும்போது உனக்கு அது தெரிந்திருக்காது என்று வைத்துக்கொள்கிறேன். தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாய் என்பது என் எண்ணம்.

நேற்று விசாரணை நடந்தது. பள்ளிக்கு எதிரே இருக்கிற அரபி மதரஸா அறையில் மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், மண் சோதிக்கிறவர், காலையிலேயே புல்தரையில் குழி தோண்டிப் பார்த்திருந்தார். சட்டையெல்லாம் கரிசல் ஒட்டியிருந்தது. இந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், சுவருக்கு அடியில் எந்நாளும் ஒரே மாதிரி காய்ந்து கிடந்திருந்தால் இந்தச் சுவர் இன்னும் பல காலம் நின்றிருக்கும் என்று அவர் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எங்கள் வரிசையின் மரியாதை இத்தனை தலைமுறையாக என்ன வேலை செய்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எங்கள் கூரைகள் மழையை அந்தப் பக்கம் விடவில்லை. எங்கள் அங்கணங்கள் தண்ணீரை அந்தப் பக்கம் விடவில்லை. பள்ளியை மறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று நீ எழுதினாய். பிடித்துக்கொண்டிருந்தோம், தம்பி.

நடுவில் இருந்த பெரியவர்தான் கேள்வி கேட்டார். மரியாதையான மனிதர், என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். "மேற்கு வரிசையில குடியிருந்தீங்களாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். "பாத்திரம் கழுவுற தண்ணியெல்லாம் எந்தப் பக்கம் போகும்?" என்றார். "தெருப் பக்கம். எங்க வரிசையில எல்லா வீட்டுக்கும் அங்கணம் வாசல்லதான் இருந்துச்சு. வேணும்னா தெருவுல சாக்கடை ஓடுன தடம் இன்னும் கெடக்கு, போயிப் பாருங்க" என்றேன். மூவரில் இளையவர் உடனே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கிறது என்று தலையசைத்தார். "ஒருநாளும் பின்னாடி ஊத்துனதில்லையா?" என்று பெரியவர் கேட்டார். இல்லை என்றேன். மைமூன் அக்காவின் ஒரு சட்டிக் கஞ்சியை நான் சொல்லவில்லை. அந்தக் கணக்கை அல்லாஹ்விடம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னால் நானும் அந்த மேசைக்கு முன்னால் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அது உனக்காக இல்லை.

அவர் உன் அறிக்கையை விரித்து, படத்தைத் திருப்பிக் காட்டினார். "அப்போ இந்தக் கறை?"

"அது கறை இல்லங்க, கரி. அடுப்புப் புகை."

"நல்லாத் தெரியுமா? ஈரத்துலயும் கருக்கும்."

"எம்மவனுக்கு நான் சோறு பொங்குன கரி, எனக்குத் தெரியாதா?"

"ஒங்க மகன் இந்த ஊருலதான் இருக்காரா?"

"இல்ல. மெட்ராஸ்ல இருக்கான். நீங்க கையில வச்சிருக்கதே அவன் எழுதுனதுதான்."

மூன்று பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் உன் தாய் என்று நீ அவர்களிடம் சொல்லவே இல்லை. மேற்கு வரிசையில் குடியிருந்த பெண் என்று மட்டும் சொல்லியிருக்கிறாய். தாய் என்றால் மகனுக்காகப் பேசுகிறாள் என்று தள்ளிவிடுவார்கள் என்று பயந்திருப்பாய். பெரியவர் அறிக்கையை மூடி வைத்தார். பிறகு, "தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா? இது அவருக்கு எதிராப் போகும்" என்றார். "தெரிஞ்சுதான் சொல்லுதேன்" என்றேன்.

அதைக் கேட்டு அவர் ஒன்று சொன்னார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். "வேற யாரு சொல்லியிருந்தாலும் வீடு போன ஆத்திரத்துல சொல்றாங்கன்னு நெனைச்சிருப்போம். பெத்த தாயே சொல்லிட்டீங்க. இனிமே நாங்க யாரையும் கேக்க வேண்டியதில்ல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நீ தப்பித்திருப்பாய். பேட்டையில் நான் ஒருத்தி இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, தம்பி. என் பெயரைக் கொடுத்தது நீ.

அம்மா